குழலும் பாதமும்

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)

 

சைவமும் தமிழும் பேசப்படும் இந்த அரங்கிலே ஸ்கொத்லாந்து தேசத்துப் புல்லாங்குழலைப் பற்றியும் பாத நடனத்தைப் பற்றியும் பேச முன்வந்தது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நாம் வணங்கும் கண்ணன் கையிலே குழல் இருக்கின்றது. அம்பலவாணன் பாதமோ ஓயாது ஆடிக்கொண்டிருக்கின்றது. குழலும் கூத்தும் இறைவனுக்குப் பகை என்று நம் சமயம் சொன்னதில்லை. ஆடிய மாதரை நம் சமுதாயம் நடத்திய விதம் வேறு கதை. அதனை இன்று விரிக்கவில்லை. ஆனால் இசையும் ஆட்டமும் பாவம் என்று சொல்லப்பட்ட மக்கள் உலகில் உண்டு. அவர்கள் தம் ஆட்டத்தை எவ்வாறு இழந்தார்கள், யாரிடமிருந்து அதனை மீளப் பெற்றார்கள் என்பதிலே நமக்கும் ஒரு பாடம் இருப்பதாக எண்ணுகின்றோம். அதனையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

ஸ்கொத்லாந்தர் என்றவுடன் நம் நாட்டவருக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரைமாரே நினைவுக்கு வருவர். 1867ஆம் ஆண்டில் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லர் ஒரு ஸ்கொத்லாந்தரே. ஆனால் அத்துரைமாரின் தாய்நாட்டிலேயே, துரைமாராக அன்றி அகதிகளாகக் கப்பலேறிய பல்லாயிரம் ஏழைகளும் இருந்தனர். நாம் பேசப்போவது அவர்களைப் பற்றியது.

ஸ்கொத்லாந்தின் வடமேற்கிலுள்ள மலைநாடும் அதனை அடுத்த தீவுகளும் ஹைலண்ட்ஸ் எனப்படும். அங்கு வாழ்ந்தோர் ஆங்கிலத்தின் வேறான கேலிக் மொழியைப் பேசினர். குலத் தலைவர்களின் கீழ்க் குலங்களாக வாழ்ந்தனர். 1746ஆம் ஆண்டு கலோடன் போர்க்களத்தில் அவர்களுடைய படை தோற்றது. அவ்வாண்டிலே இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் ஆயுதம் தாங்குவதையும் மலைநாட்டு உடை அணிவதையும் தடுத்தது. உடைமீதிருந்த தடை 1782இல் நீங்கிற்று. பாக்பைப் என்னும் பைக்குழலும் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டது என்று பலர் இன்றும் சொல்லுவர். சட்டத்திலோ பைக்குழலின் பெயரே இல்லை. ஒரு கலை நலிவதற்குச் சட்டம் வேண்டியதில்லை, அக்கலையை வளர்த்த வாழ்க்கை குலைந்தாற் போதும் என்பதற்கு இவர்கள் வரலாறே சான்று.

வாழ்க்கை குலைந்தது இவ்வாறு. குலத் தலைவர்கள் காலப்போக்கில் வெறும் நிலக்கிழார்களாயினர். குடியானவர் தரும் வாரத்தைவிடச் செம்மறி ஆட்டு மந்தையால் வரும் வருமானம் பெரிதெனக் கண்டு, பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த மக்களைக் காணியினின்றும் எழுப்பினர். 1846இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழியப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. இந்தக் கொடுமைகள் முற்றுவதற்கு முன்னரே, 1773இல், ஹெக்டர் என்னும் கப்பல் ஏறத்தாழ இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு கனடாவின் கீழ்க்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்தது. நோவா ஸ்கோஷியா என்பதற்குப் புதிய ஸ்கொத்லாந்து என்று பொருள். அதன் வடகிழக்கே கேப் பிரெட்டன் என்று ஒரு தீவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலைநாட்டார் திரள் திரளாகச் சென்று குடியேறிய இடம் அது. 1955இல் கான்சோ நீரிணைக்குக் குறுக்கே கல்லணை வீதி அமையும்வரை அத்தீவுக்குத் தோணியும் கப்பலுமே வழி. ஆகவே அவர்கள் கொண்டுசென்ற மொழியும் பிடில் வாசிப்பும் ஆட்டமும் வெளியுலகின் கண்ணிற் படாமல் அடுப்படியிலே வளர்ந்தன. அடுப்படி என்பது வெறும் உவமையன்று. நீண்ட பனிக்காலத்து இரவுகளில் வீட்டில் வெப்பமான இடம் சமையலறைதான். அயலார் கூடுவதும் வாசிப்பதும் ஆடுவதும் அங்கேயே நடந்தன.

இனிச் சமயத்தின் பங்கைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹைலண்ட்ஸ் எங்கும் கிறித்தவ மறுமலர்ச்சி அலை ஒன்று எழுந்தது. அதனை நடத்திய போதகர் பலர் பிடிலையும் ஆட்டத்தையும் வீண் களியாட்டம் என்று கடிந்தனர். மக்கள் தம் பிடில்களைக் கைவிட நேர்ந்த கதைகளை அலெக்சாண்டர் கார்மைக்கேல் 1900ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கார்மினா கடெலிக்கா’ என்ற தொகுப்பின் முன்னுரையிற் பதிவு செய்துள்ளார். கடல் கடந்து சென்ற கத்தோலிக்கர்களுக்கும் இத்தொல்லை வந்தது. கேப் பிரெட்டனின் மாபு என்னும் ஊரிலே கென்னத் மக்டொனால்ட் என்ற குருவானவர் பிடில் வாசிப்பை ஒடுக்க முயன்றார்.

அன்பர்களே, இங்கே நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. பேழைக்கு முன்னே தாவீது அரசன் தன் முழுப் பலத்தோடும் ஆடினான் என்று சொல்லும் வேதாகமத்தைக் கையில் ஏந்தியவர்களே ஆட்டத்தைப் பழித்தார்கள் என்பது வியப்புத்தான். ஆயினும் பிடிலை விலக்கிய அதே சபைகள், வாத்தியம் ஒன்றும் இல்லாமல், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கச் சபையார் அனைவரும் நெளிவும் சுழிவுமாகத் தொடர்ந்து பாடும் கேலிக் சங்கீதப் பாடல்களை இன்றளவும் காத்து வந்துள்ளன. பிடிலை ஒடுக்கிய குருமார் கூட்டத்திலிருந்தே பின்னர் அதற்குத் துணையும் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கேப் பிரெட்டன் பிடில் கலைஞன் மறைந்து வருகின்றான் என்று சொல்லும் விவரணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. தீவார் சினந்து எழுந்தனர். ஜோன் அங்கஸ் ரங்கின் என்ற குருவானவர் முன்னின்று உழைத்தவருள் ஒருவர். 1973இல் கிளென்டேல் என்ற சிற்றூரில் நூற்றுக்கு மேற்பட்ட பிடில் கலைஞர்கள் ஒரே மேடையில் ஏறி வாசித்தனர். மறைந்துவிட்டது என்ற சொல்லுக்கு அவர்கள் அளித்த மறுமொழி அதுவே.

இனி நடனத்தைக் கவனிப்போம். ஸ்கொத்லாந்து நடனம் என்றாற் படங்களிலே நாம் காண்பது எது? கட்டம் போட்ட உடை, மென்மையான பாதணி, தலைக்குமேல் வளைத்து உயர்த்திய கைகள், முன்விரல்களில் நின்று துள்ளும் துள்ளல். இதுவே போட்டிக்குரிய ஹைலண்ட் நடனம். பாத நடனமோ இதற்கு நேர்மாறானது. உடல் நிமிர்ந்து நிற்கும், கைகள் பக்கங்களிலே தளர்ந்து தொங்கும், முகம் அமைதியாயிருக்கும். கடினமான அடித்தோல் வைத்த சப்பாத்தின் குதியும் நுனியும் மாத்திரம் நிலத்தை விட்டு அதிகம் எழாமல் ஓசை எழுப்பிக்கொண்டிருக்கும். நல்ல ஆட்டக்காரர் ஒரு பலகையளவு இடத்தைவிட்டு நகரமாட்டார். அவர் கால் ஒரு தாள வாத்தியம்.

முதலில் ஸ்திராத்ஸ்பே என்னும் நிதான நடையில் தொடங்கி, பின்பு ரீல் என்னும் விரைந்த நடைக்கு மாறுவது வழக்கம். ஸ்திராத்ஸ்பேயின் உயிர் அதன் வெட்டு நடையிலே இருக்கின்றது. நம் யாப்பிலே ‘கனா’, ‘விழா’ எனக் குறிலை அடுத்து நெடில் வருமன்றோ? அவ்வாறே ஒரு குறுஞ்சுரம் முன்வந்து நெடுஞ்சுரம் பின்தொடரும்; அழுத்தமோ முன்வந்த குறிலிலே விழும். கேலிக் மொழியிலும் சொல்லின் முதலசையே அழுத்தம் பெறுவது. ஆதலின் அம்மொழியின் நடையே இசையில் ஏறிற்று என்று கூறுவாரும் உளர்.

இவ்விரண்டு நடனங்களில் ஒன்று தாய்நாட்டிலே ஓங்கவும் மற்றையது ஏறக்குறைய மறையவும் காரணம் என்ன? ஓங்கியதற்கு அமைப்புகள் இருந்தன. 1923இல் கிளாஸ்கோவில் நாட்டுக்கூட்ட நடனங்களுக்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. 1950இல் ஹைலண்ட் நடனத்துக்கென ஓர் அதிகாரசபை தோன்றியது. விதிகள் எழுந்தன; கைக்கு அளவும் காலுக்கு உயரமும் வரையறுக்கப்பட்டன; பதக்கங்கள் வழங்கப்பட்டன. இவற்றை நாம் குறைகூற வரவில்லை. 1781இல் போல்கேர்க் என்ற ஊரிலே தொடங்கப்பட்ட பைக்குழற் போட்டி இல்லையேல் அப்பெருங்கலை எவ்வளவு சிதைந்திருக்குமோ தெரியாது. போட்டி ஒரு கலையைத் தாங்கவல்லது என்பது உண்மை. ஆனால் நடுவர் காணக்கூடியதையே போட்டி வளர்க்கும். தூரத்து நாற்காலியில் இருப்பவருக்கு உயர்த்திய கை தெரியும்; நிலத்தோடு உரசும் குதியின் ஓசை கேளாது. ஆகையால் மேடைக்கு ஏற்றது வளர, அடுப்படிக்கு உரியது தேய்ந்தது. பதக்கமும் விதியும் இல்லாத கேப் பிரெட்டனில், தாயைப் பார்த்து மகளும் மாமனைப் பார்த்து மருமகனும் பழகிக்கொண்டதால் அது பிழைத்தது.

தாய்நாட்டார் தாம் இழந்ததை அறிந்ததும் மெல்ல மெல்லவே. பிளெட் என்னும் தம்பதியர் ஸ்கொத்லாந்து எங்கும் முதியோரைத் தேடிச் சென்று பழைய நடனங்களைக் கேட்டெழுதி 1964இல் ஒரு நூல் வெளியிட்டனர். 1957இல் கேப் பிரெட்டன் சென்று பிராங்க் ரோட்ஸ் என்பவர் திரட்டிய செய்திகள் அந்நூலின் பிற்சேர்க்கையாயின. ஸ்கை தீவிலே 1973இல் நிறுவப்பட்ட சபல் மோர் ஒஸ்தைக் என்னும் கேலிக் கல்லூரி, பின்னாளிற் கோடைக்காலக் குறுகிய வகுப்புகளை நடத்தி, கேப் பிரெட்டனிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தது. ஜூடிக் ஊரைச் சேர்ந்த பிடில் மேதை பட்டி மக்மாஸ்டர் அவ்வாறு வந்து கற்பித்தவர்களுள் ஒருவர். 1990களில் நடன ஆசிரியரும் வந்தனர். விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், விரட்டிய மண்ணுக்குத் திரும்பி வந்து, அந்த மண்ணின் ஆட்டத்தை அம்மண்ணாருக்கே கற்பித்தார்கள்!

எல்லாரும் கைகூப்பி வரவேற்றார்கள் என்று எண்ணவேண்டாம். இது ஸ்கொத்லாந்து நடனமே அன்று, ஐரிஷ் நடனத்தின் கலப்பு என்றனர் சிலர். கனடாவில் உண்டானது என்றனர் வேறு சிலர். நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு கலை மாறாதிருக்குமா என்ற ஐயம் தவறன்று. கேப் பிரெட்டனிற் பிடிலுக்குப் பியானோ துணைநிற்பது முன்னோர் கொண்டுசென்ற வழக்கமன்றே! ஆனால் மாறாதிருப்பது காட்சிச்சாலைப் பொருள் ஒன்றுதான். ஓடும் ஆற்றின் நீர் நேற்றையது அன்று என்பதற்காக அந்த ஆற்றுக்கு வேறு பெயர் வைப்பார் இல்லை.

புல்லாங்குழலின் கதை இதனினும் வேறானது. அது மலைநாட்டாரின் ஆதி வாத்தியம் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலே எடின்பரோ போன்ற நகரங்களிற் கனவான்களின் பொழுதுபோக்காகப் பரவியது. அக்காலத்து ஜேம்ஸ் ஒஸ்வால்ட் என்பவரை இங்கு நினைவுகூர வேண்டும். டன்பெர்ம்லின் நகரில் நடன ஆசிரியராகத் தொழில் தொடங்கியவர் அவர். 1740கள் தொடக்கம் ஸ்கொத்லாந்து மெட்டுக்களைக் குழலுக்கும் பிடிலுக்கும் ஏற்றவாறு சட்டைப்பைக்கு அடங்கும் சிறு நூல்களாக வெளியிட்டார். ஆட்டம் கற்பித்தவரே குழலுக்கு மெட்டுத் தொகுத்தார் என்பதைக் கவனியுங்கள். பெய்ஸ்லி நகரத்து நெசவாளியும் கவிஞருமான ராபர்ட் டனஹில் குழல் வாசிப்பவர். 1968இல் அந்நகரில் தோன்றிய இசைக்குழு ஒன்று டனஹில் நெசவாளர் என்றே பெயர் சூட்டிக்கொண்டது. அக்குழுவிலும் குழல் ஒலித்தது.

அந்தக் குழல் மரத்தாலானது. ஆறு விரல் துளைகள் உடையது. உட்புறம் நுனி நோக்கிக் குறுகிச் செல்வது. 1847இல் தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியர் உருளை வடிவில் பல சாவிகளோடு புதிய குழலை அமைத்தபின், பெரிய வாத்தியக் குழுக்கள் மெல்ல அதன் பக்கம் சென்றன. பழைய மரக்குழலோ நாட்டிசையாளர் கைக்கு வந்து சேர்ந்தது. நம் கருநாடக இசைக் குழலில் எட்டுத் துளைகள். விரலைச் சிறிது சிறிதாக விலக்கிக் கமகம் காட்டுவோம். அவர்களோ விரலால் வெட்டியும் தட்டியும் சுரத்தை அணி செய்வர். இவ்வழக்கிற் பைக்குழலின் சாயல் உண்டு. பையிலிருந்து காற்று இடையறாது வருவதாற் பைக்குழலின் ஓசையை நடுவில் நிறுத்த இயலாது. ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க வேண்டுமானால் இடையே வேறொரு சுரத்தைக் கண்ணிமைப்பொழுதிற் செருகவேண்டும். அந்தச் செருகலே அலங்காரமாயிற்று.

இன்னொரு செய்தி உங்களுக்கு இனிக்கும். பைக்குழல் ஆசிரியர் மாணவனுக்கு ஏட்டைக் காட்டிக் கற்பிக்கவில்லை. சொற்கட்டுச் சொல்லிக் கற்பித்தார். அதற்குக் கௌந்தெரக் என்று பெயர். அதில் உயிரொலி சுரத்தையும் மெய்யொலி அலங்காரத்தையும் குறிக்கும். கொலின் காம்பெல் என்பவர் அதனை 1797இல் எழுதி வைத்த ஏடு இன்றும் உண்டு. வாத்தியம் இல்லாதவிடத்து ஆட்டத்துக்கென வாயாலேயே பாடும் துரிதப் பாட்டும் அவர்களிடம் உண்டு. நட்டுவனார் ஜதி சொல்வதையும், மட்டக்களப்புக் கூத்துக் களரியில் அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்ல ஆடுவோன் காலால் விடையிறுப்பதையும் கண்ட நமக்கு இவை அந்நியமாகுமா?

இவ்வளவும் சொன்னது, ஸ்கொத்லாந்தில் இப்போது நடைபெறும் குழல்–நடன வார இறுதிக் கூடல்களின் அருமை விளங்குவதற்காகவே. வெள்ளி மாலை ஓர் ஊர் மண்டபத்தில் முப்பது, நாற்பது பேர் கூடுவர். பள்ளிப் பிள்ளையும் ஓய்வூதியம் பெறும் தாத்தாவும் அருகருகே அமர்வர். சனி காலையில் ஓர் அறையிற் குழல் வகுப்பு. ஆசிரியர் ஒரு மெட்டைச் சிறு சிறு துண்டாக வாசிப்பார். மற்றவர்கள் ஏடு பாராமற் கேட்டு வாசிப்பர். நாம் கேள்வி ஞானம் என்கின்றோமே, அதுதான். பக்கத்து அறையில் மரப்பலகைத் தரையிலே நடன வகுப்பு. வலக்காலுக்கு ஓர் அடி, அதே அடி இடக்காலுக்கு. பிற்பகலில் இரு வகுப்பையும் ஒன்றாக்குவர். சிறப்பெல்லாம் இங்கேதான்.

தனியறையில் வேகமாக வாசித்துப் பெருமைப்பட்டவனுக்கு, ஆடுபவரின் குதி நிலத்தில் விழும் இடம் இதுவென்று அப்போதே தெரியும். ஆடுபவர் மூச்சு வாங்கினால் வாசிப்பவன் நடையைத் தளர்த்தவேண்டும். அவர் உற்சாகம் கொண்டால் தூக்கிக் கொடுக்கவேண்டும். குழலூதுவோனுக்கும் மூச்சுத்தான் மூலதனம். ஆகவே எங்கே மூச்செடுப்பது என்பதையும் ஆட்டத்தின் அடியே அவனுக்குக் கற்பிக்கும். ஒலிப்பதிவு நாடாவுக்கு ஆடுபவர் இதனை அறியார். நடுவருக்கு வாசிப்பவரும் அறியார். அன்றிரவு கெய்லி. அச்சொல்லின் பழைய பொருள் அயலார் வீட்டுக்குப் போய்வருதல் என்பதே. வல்லவர் ஒருவர் ஆடுவார்; அன்று காலையில் முதலடி பழகிய சிறுமியும் எழுந்து அந்த ஓரடியை ஆடுவாள். அவளுக்கு மதிப்பெண் இடுவார் எவரும் இல்லை.

இரண்டு நாளிற் கலை வருமா என்று பெரியோர் கேட்கலாம். வராது. இரண்டு நாளில் வருவது கலையன்று. கலை உள்ள வீட்டின் வாசல். 1981இல் பாரா தீவிலே பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய ‘பேஷ்’ என்னும் இசைக்கூடல் ஊரூராகப் பரவி, 1991இல் அவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு கழகம் எழுந்தது. 1996இல் கிளாஸ்கோ நகரத்து இசைக் கல்லூரி ஸ்கொத்லாந்து மரபிசையிற் பட்டப்படிப்புத் தொடங்கியது. வாசல் திறந்திருந்தபடியால் உள்ளே சென்றவர்கள் பலர்.

நிற்க. இச்செய்தி நமக்கு எவ்வாறு பொருந்தும்? இரண்டொரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டுகின்றோம்.

முதலாவது, நம் சங்கங்கள் யாவும் ஆண்டுதோறும் பண்ணிசைப் போட்டியும் நடனப் போட்டியும் வைக்கின்றன. வெள்ளிக் கேடயங்கள் அலுமாரியை நிறைக்கின்றன. போட்டிகள் நின்றுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பரிசு பெற்ற பிள்ளை மறுவாரம் கோயிலில் ஒரு தேவாரம் தானாகப் பாடுகின்றதா என்று நம்மை நாமே கேட்டுப்பார்த்தல் வேண்டும். தோற்ற பிள்ளை பிறகு பாடுகின்றதா என்பது அதனினும் பெரிய கேள்வி. ஆண்டில் ஒரு சனி ஞாயிறாவது, நடுவரும் கேடயமும் இன்றி, ஓதுவாரும் குழல் வாசிப்போரும் தவில் வல்லோரும் கூத்தறிந்த முதியோரும் இளையோருடன் ஒரே பாயில் அமர்ந்து கற்பிக்கும் ஒரு கூடலை இச்சங்கம் நடத்தலாகாதா? மண்டபம் இருக்கின்றது, பாய் இருக்கின்றது, கற்பிக்கக்கூடிய முதியோர் இன்னும் இருக்கின்றனர். எத்தனை ஆண்டுகளுக்கு இருப்பர் என்பதை மாத்திரம் நாம் சொல்ல முடியாது.

இரண்டாவது, நம்மவரும் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். ஹெக்டர் கப்பல் சென்ற அதே கனடாவிலே நம் பிள்ளைகள் தேவாரமும் பரதமும் பயில்கின்றனர். விடுமுறைக்கு வரும் அப்பிள்ளைகளின் உச்சரிப்பைக் கேட்டு நகைப்பது நமக்கு எளிதாயிருக்கின்றது. ஸ்கை தீவார் அன்று கேப் பிரெட்டன் ஆசிரியரைப் பார்த்து நகைத்திருந்தால், தம் பாட்டனாரின் ஆட்டத்தை இன்று ஆடுவார் அங்கே எத்தனை பேர்? ஆகவே அப்பிள்ளைகள் நம் முற்றத்துக்கு வரும்போது, நீ கற்றதைப் பாடு, நாம் அறிந்ததைச் சொல்லித் தருகின்றோம் என்று அருகில் இருத்திக்கொள்வோமாக. கொடுப்பவர் யார், கொள்பவர் யார் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

பெரியோர்களே, கற்பிக்க முன்வாருங்கள். இளைஞர்களே, வெட்கத்தை விட்டுக் கற்க முன்வாருங்கள்.